வளரும் பூனை, வலிக்கும் பல்: வாசகர் கேள்வி – பதில்

பூனையின் பல்லைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு வயது தாண்டாத பூனைகளைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பூனையின் வயதை எழுதியவர்களுக்கு நன்றி. எழுதாதவர்கள் அடுத்த முறை மறக்காமல் எழுதுங்கள். பல் விஷயத்தில் பாதி விடை வயதில்தான் இருக்கிறது.

கேள்வி: நான்கரை மாதப் பெண் குட்டி. நேற்று சோபாவில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது. கடித்து விளையாடும் துணி எலியில் ரத்தக் கறை. வாய் வேறு நாறுகிறது. இந்த வயதிலேயே பல் ஆட்டம் கண்டுவிட்டதா? – மதுரை

பதில்: ஆட்டம் கண்டது பால் பல். குழந்தைகளுக்குப் போலவே பூனைக்கும் பல் விழுந்து முளைக்கும். குழந்தைக்கு வருடக்கணக்கில் நடப்பதைக் குட்டி மூன்று மாதத்தில் முடித்துவிடுகிறது. பல்லில்லாமல் பிறக்கும் குட்டிக்கு இரண்டு, மூன்று வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். ஆறு வார வாக்கில் 26 பால் பற்களும் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கும். ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் கோரைப்பற்கள் மாறும். ஆறேழு மாதத்துக்குள் 30 நிரந்தரப் பற்களும் நிற்க வேண்டும். விழும் பற்களில் பெரும்பாலானவற்றைக் குட்டி விழுங்கிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. உங்கள் கண்ணில் ஒன்று பட்டது அதிர்ஷ்டம்தான்.

இந்தப் பருவத்தில் ஈறோரம் லேசாகச் சிவப்பதும், பொம்மையில் ரத்தப் பொட்டு ஒட்டுவதும், வாய் கொஞ்சம் நாறுவதும் இயல்பு. ட்ரை ஃபுட் கொடுப்பவராக இருந்தால் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். கடிப்பதற்கு ஈரத் துணியை முறுக்கிக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்துத் தரலாம். ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கினால் புதுப் பல்லுக்கு ஆகாது. ஆடும் பல்லை விரலால் அசைத்துப் பிடுங்க வேண்டாம். சார்ஜர் வயர்களை எடுத்து வைத்துவிடுங்கள். பல் முளைக்கும் குட்டிக்கு வயரைவிடச் சுவையான பண்டம் கிடையாது.

வாரம் ஒரு முறை பல்லை எண்ணிப் பாருங்கள். வாயைப் பிளக்கத் தேவையில்லை, உதட்டோரத்தைத் தூக்கினால் போதும். முன்னால் மேலே ஆறு, கீழே ஆறு சிறு பற்கள். அடுத்து நான்கு மூலையிலும் ஒவ்வொரு கோரைப்பல். அதற்குப் பின்னால் மேல்தாடையில் பக்கத்துக்கு நான்கு, கீழ்த்தாடையில் பக்கத்துக்கு மூன்று. மேலே கடைசியாக இருப்பது குருணை அளவுதான், பலருக்குக் கண்ணில் படாது. ஏழு மாதம் கடந்தும் ஓரிடம் காலியாகவே இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முளைக்காத பல் எலும்புக்குள் படுத்திருந்தால் அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகித் தாடையை அரிக்கலாம்.

பல் முளைப்பது வலி, பட்டினிக்கான காரணம் அல்ல. இந்த வயதுக் குட்டி பன்னிரண்டு மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அன்றே காட்டுங்கள்.

கேள்வி: ஆறு மாத ஆண் குட்டி. மேலே வலது பக்கம் இரண்டு கோரைப்பற்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. தானாக விழுந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காத்திருக்கலாமா? – கோயம்புத்தூர்

பதில்: புதுப் பல் முழுதாக இறங்கிய பிறகும் பழையது நிற்கிறது என்றால் இனி அது விழுவது அரிது. ஓர் இடத்தில் ஒரு பல்தான் இருக்கலாம். மேல்தாடையில் நிரந்தரக் கோரைப்பல் பால் பல்லுக்கு முன்பக்கமாக வரும். கீழ்த்தாடையில் நாக்குப் பக்கமாக வரும். பழையது இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதியது கோணலாகி எதிர்த் தாடையின் ஈற்றில் குத்தத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் உணவும் முடியும் அழுகி, நல்ல பல்லின் வேரையும் கெடுக்கும்.

பால் கோரைப்பல்லின் வேர் வெளியே தெரியும் பகுதியைவிட நீளம், ஊசி போல மெல்லியது. அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே ஒடிந்து தங்கிவிடும், அல்லது பக்கத்திலுள்ள புதுப் பல் அடிபடும். ஆகவே மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே பார்த்து, மெதுவாகத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். உங்கள் குட்டிக்குக் கருத்தடை இன்னும் செய்யவில்லை என்றால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் கருத்தடைத் தேதி இரண்டு மாதம் தள்ளி இருக்கிறது என்பதற்காகப் பல்லைக் காக்க வைக்க வேண்டாம்.

கேள்வி: ஒன்பது மாதப் பெர்ஷியன், மூன்று கிலோ. ஈறு முழுக்கச் சிவந்து பல்லின் மேல் ஏறியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சரியாகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். இவ்வளவு சின்னப் பூனைக்கு மயக்க மருந்தா? எனக்குத் தூக்கமே போய்விட்டது. மயக்கமில்லாமல் சுரண்டி எடுப்பதாக ஓரிடத்தில் சொல்கிறார்கள், அது பரவாயில்லையா? – சென்னை

பதில்: பல் மாறும்போதோ மாறி முடிந்த கையோடோ சில பூனைகளுக்கு ஈறு இப்படிச் சிவந்து பொங்குவது உண்டு. பெர்ஷியன், சயாமீஸ், அபிசீனியன், மெய்ன் கூன் இனங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். நாட்டுப் பூனைகளும் தப்புவதில்லை. பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் கொஞ்சமாக இருந்தாலும் இந்தப் பூனைகளின் உடம்பு அதை அளவுக்கு மீறி எதிர்க்கிறது. வீங்கிய ஈறு பல்லின் மேல் ஏறும்போது நடுவில் ஒரு பை உண்டாகும். அந்தப் பைக்குள் மேலும் படலம் சேரும், ஈறு மேலும் வீங்கும். இந்த மட்டில் நிறுத்தினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். போன எலும்பு திரும்பி வராது.

ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் ஓடுகிறது. படலமோ பல்லில் ஒட்டியிருக்கிறது. மாத்திரை கிருமியின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும், ஒட்டியிருப்பதைப் பெயர்க்காது. நிறுத்தியதும் திரும்புவது அதனால்தான். இதுவரை கொடுத்தது டாக்ஸிசைக்ளின் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த மாத்திரையை வறட்சியாகப் போடக் கூடாது. உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடும். போட்ட கையோடு சிரிஞ்சில் 5, 6 மில்லி தண்ணீராவது சிறுகச் சிறுக ஊட்டுங்கள், அல்லது ஈர உணவு கொடுங்கள்.

மயக்கமில்லாமல் சுரண்டுவது வேண்டவே வேண்டாம். வெளியே தெரியும் காரை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய படலம், மட்டும் போகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் பூனை அந்த இடத்தில் கருவியை வைக்க விடாது, விடவும் கூடாது. பல் வெள்ளையாகத் தெரியும், எலும்பு அடியில் போய்க்கொண்டிருக்கும். நீங்களும் நிம்மதியாக ஒரு வருடத்தைத் தொலைத்துவிடுவீர்கள்.

இனி மயக்க மருந்து. ஆபத்து பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளில் மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு 0.11 சதவீதம், அதாவது சுமார் 900-க்கு ஒன்று. அதே ஆய்வு காட்டிய இன்னொன்று: இறந்த பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவை சிகிச்சை முடிந்த பிறகே இறந்தன, அவற்றில் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆகவே ‘எந்த மருந்து கொடுப்பீர்கள்’ என்று கேட்பதைவிட ‘முடிந்த பிறகு யார் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள்’ என்று கேட்பது பயனுள்ளது.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்னதாக ரத்தப் பரிசோதனை உண்டா? சிகிச்சையின்போது மூச்சுக் குழாயில் குழல் பொருத்துவீர்களா? சுத்தம் செய்யும் தண்ணீரும் சுண்ணாம்பு போல உதிரும் காரையும் நுரையீரலுக்குப் போகாமல் தடுப்பது அந்தக் குழல்தான். பெர்ஷியனின் தட்டை மூக்குக்கு அது இன்னும் அவசியம். உடல் சூட்டைக் காக்க என்ன ஏற்பாடு? மூன்று கிலோ உடம்பு, வாயில் ஓயாமல் தண்ணீர், மேலே ஏசி. சூடு சரசரவென்று இறங்கும். வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் கருவி வைப்பீர்களா? பூனையின் வாயை ஸ்பிரிங்கால் முழுக்க விரித்து வைத்தால் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் ரத்தக் குழாய் நசுங்கிப் பார்வை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊசி மூடியை வெட்டிய இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முட்டு போதும், அதையும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். பல்லுக்கான எக்ஸ்ரே இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. மனிதப் பல்லுக்குப் பயன்படும் சிறு சென்சாரே பூனைக்கும் போதும். அது இல்லாவிட்டால் இருக்கும் இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம்.

சிகிச்சையில் நடப்பது இதுதான்: பல்லின் மேலும் ஈறின் அடியிலும் அதிர்வுக் கருவியால் சுத்தம் செய்வார்கள், மெருகேற்றுவார்கள், அளவு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஈறின் ஆழத்தைப் பார்ப்பார்கள். பூனைக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இயல்பு. வீங்கி மேலேறிய ஈறைத் தேவைப்பட்டால் செதுக்கிப் பையை இல்லாமல் செய்வார்கள். ஒரு வயதுகூட ஆகாத பூனைக்கு எத்தனை மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அந்த நேரத்தை மட்டும் கடைப்பிடியுங்கள். ‘பாவம், வெறும் வயிறு’ என்று விடிகாலையில் ஊட்டுவதும் தவறு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முந்தின நாள் மாலையிலிருந்தே பட்டினி போடுவதும் தவறு.

வீட்டுக்கு வந்த பிறகு கழுத்திலோ முதுகிலோ தோலுக்கடியில் காற்று நிரம்பி, தொட்டால் நெறுநெறுவென்று இருந்தால் உடனே திரும்பிப் போங்கள். சிகிச்சையின்போது பொருத்திய குழல் மூச்சுக் குழாயைக் கீறியிருப்பதன் அறிகுறி அது. அரிதானது, ஆனால் காத்திருக்கக் கூடாதது.

இத்தனையும் செய்தபின் வீட்டில் துலக்காவிட்டால் செலவு செய்த பணம் வீண். மூன்று, ஆறு மாதத்துக்கொரு முறை மறுபடி சுத்தம் செய்ய வேண்டியும் வரலாம். விடாமல் கவனித்தால் இப்படிப்பட்ட பூனைகளில் பலவற்றுக்கு இரண்டு வயதை ஒட்டி ஈறு அடங்கிவிடுகிறது.

கேள்வி: பல்வலிக்கு வீட்டில் என்ன கொடுக்கலாம்? அரை பாராசிட்டமால்? கிராம்புத் தைலம்? – தஞ்சாவூர்

பதில்: இரண்டுமே விஷம். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வேதி வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதிகூட ஒரு பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளுக்கான சிரப்பும் அதே மருந்துதான். கொடுத்த சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும், முகமும் பாதமும் வீங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன், சீக்கிரம் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கிராம்புத் தைலம், வாய்ப்புண்ணுக்கு மனிதர்கள் தடவும் சாலிசிலேட் ஜெல், பென்சோகைன் மரப்பு ஜெல், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எல்லாமே இந்தப் பட்டியலில் அடக்கம். மஞ்சள் விஷமில்லை. ஆனால் புண்பட்ட ஈற்றில் அதைத் தேய்த்தால், அப்புறம் அந்தப் பூனை உங்கள் கையை வாய்ப் பக்கம் விடாது. மயக்க மருந்துக்கு நடுங்கும் வீடுகளில்தான் பாராசிட்டமால் சாதாரணமாகக் கைக்கு வருகிறது. பயத்தை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பூனைக்கு ஏற்ற வலி மருந்துகள் உண்டு, எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார்.

கேள்வி: தெருவில் எடுத்து வளர்க்கும் ஒன்றரை வயதுப் பூனை. எச்சில் வடிகிறது. பசியோடு தட்டுக்கு ஓடும், ஒரு வாய் வைத்ததும் கத்திக்கொண்டு ஓடிவிடும். கொட்டாவி விட்டாலும் கத்துகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு, மூன்று வாரம் நன்றாக இருக்கிறது. இப்போது பல்லையெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பல்லில்லாமல் எப்படிச் சாப்பிடும்? – திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு பொது எச்சரிக்கை. தடுப்பூசி போடாத, போக்கு தெரியாத தெருப் பூனைக்கு எச்சில் வடிந்தால், நடத்தையும் திடீரென்று மாறியிருந்தால், வாயில் கைவைத்துப் பார்க்காதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். எந்தப் பூனை கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

திடீரென்று எச்சில் வடிந்து முன்காலால் வாயைப் பிராண்டும் பூனைக்கு அண்ணத்தில் மீன் முள் குறுக்கே மாட்டியிருக்கலாம், நாக்கின் அடியில் தையல் நூல் சுற்றியிருக்கலாம். நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலில் இருந்தால் இழுப்பது குடலை அறுக்கும்.

உங்கள் பூனைக்கு வாரக்கணக்கில் இருப்பதும், ஸ்டீராய்டுக்கு அடங்கித் திரும்புவதும் வேறொன்றைக் காட்டுகின்றன: நாட்பட்ட வாய் அழற்சி. ஈறு மட்டும் சிவந்திருந்தால் அது ஈறு நோய். வாயின் கடைக்கோடியில், இரு தாடையும் சேரும் மடிப்பின் பக்கம் கோவைப்பழம் போலச் சிவந்து புண்ணாகியிருந்தால் இந்த நோய். முந்தைய பதிலில் சொன்ன பெர்ஷியனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில்தான் தெரியும். பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் தரும் கலிசி வைரஸுக்கு இதில் பங்கு உண்டு. தனியாக வளரும் பூனைகளைவிடக் கூட்டமாக வளரும் பூனைகளிடம் அதிகம். பூனையின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற இரண்டு வைரஸ்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் அடுத்த அடியைத் தீர்மானிக்க உதவும்.

ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும், காரணத்தைத் தொடாது. திரும்பத் திரும்பப் போட்டால் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சர்க்கரை நோயும் வரலாம். பல்லின் மேல் படியும் படலத்தையே இந்தப் பூனையின் உடம்பு எதிர்க்கிறது. படலம் படிய இடமே இல்லாமல் செய்வதுதான் பல்லை எடுப்பதன் நோக்கம். பொதுவாக முன் கடைவாய், கடைவாய்ப் பற்களை எடுப்பார்கள். கோரைப்பல்லையும் முன்பல்லையும் சுற்றி அழற்சி இல்லையென்றால் விட்டுவைப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் முழுக்கவோ பெருமளவிலோ தேறுகின்றன. மீதிக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும், சைக்ளோஸ்போரின் அவற்றில் ஒன்று. தேறுவதும் ஒரே நாளில் நடக்காது, சில மாதங்கள் ஆகலாம். ஒரு மாதத்தில் ‘எடுத்தும் பலனில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எல்லாப் பல்லையும் எடுத்தும் புண் ஆறாத பூனைகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வேர்த்துண்டு உள்ளே நிற்கிறதா என்பது. பல்லை எடுத்த பிறகும் கண்டிப்பாக ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பற்கள் நிறைய என்றால் இரண்டு தவணையாகச் செய்வதில் தவறில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பூனை நம்மைப் போல அரைத்துத் தின்னும் பிராணி அல்ல. இரையைக் கத்தரித்து விழுங்கும். தட்டில் இருப்பதைக் கத்தரிக்கத் தேவையில்லை. பல்லில்லாத பூனைகள் ட்ரை ஃபுட்டைக்கூட அப்படியே விழுங்குகின்றன. வலிக்கிற பல்லோடு சாப்பிடுவதுதான் அதற்கு முடியாத காரியம்.

கேள்வி: பல் துலக்க ஆரம்பித்தால் கடித்துவிடுகிறது. எப்படிப் பழக்குவது? எந்த பேஸ்ட்? – ஈரோடு

பதில்: பிரஷ்ஷில் தொடங்கியதுதான் பிழை. முதல் வாரம் பிரஷ் கண்ணில் படவே வேண்டாம். தினமும் சாப்பாட்டுக்கு முன் கன்னத்தைத் தடவி, உதட்டை ஒரு நொடி தூக்கி விட்டுவிடுங்கள். பிறகு சாப்பாடு. இரண்டாம் வாரம் விரல் நுனியில் பூனை பேஸ்ட்டைத் தடவி நக்க விடுங்கள், நக்கும்போதே கோரைப்பல்லில் தொட்டுவிடுங்கள். மூன்றாம் வாரம் காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியில் பேஸ்ட் வைத்து உதட்டுக்குள் செலுத்தி, மேல்தாடைப் பின்பற்களில் இரண்டு இழுப்பு. அது பழகிய பிறகுதான் பிரஷ். கைக்குழந்தைக்கு விற்கும் மிகச் சிறிய தலையுள்ள மென் பிரஷ் சரியாக இருக்கும். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ் பூனை வாய்க்குப் பருமன்.

பல்லின் வெளிப்பக்கம் மட்டும் போதும். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்கிறது. வாயைத் திறக்க வைக்காதீர்கள், கடி வாங்குவது அங்கேதான். பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பக்கத்துக்கு 20, 30 நொடி. மேல்தாடையில் கன்னத்துக்கு நேராக இருக்கும் பெரிய பல்லில்தான் காரை முதலில் பிடிக்கும், நேரம் குறைவென்றால் அதை மட்டுமாவது துலக்குங்கள். படலம் இரண்டு, மூன்று நாளில் கல்லாக இறுகத் தொடங்கிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி வாரம் ஒரு நாள் துலக்கிப் பயனில்லை.

மனித பேஸ்ட், உப்பு, சமையல் சோடா எதுவும் ஆகாது. பூனை துப்பாது, விழுங்கும். பல் மாறும் நான்கு முதல் ஏழு மாதம் வரை துலக்காமல் தொட்டுப் பழக்குவதோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே சிவந்து வலிக்கும் ஈற்றிலும் தொடங்காதீர்கள். முதலில் சிகிச்சை, ஆறிய பிறகு பிரஷ்.

கேள்வி: ட்ரை ஃபுட் பல்லைச் சுத்தம் செய்யும் என்கிறார்கள். எங்கள் குட்டிக்கு வேகவைத்த கோழியும் சாதமும்தான். அதனால்தான் பல் கெடுகிறதா? கருவாடு கொடுத்தால் பல் உறுதியாகுமா? – தூத்துக்குடி

பதில்: சாதாரண ட்ரை ஃபுட் நொறுங்கிவிடும், பல்லைத் தேய்க்காது. பல்லுக்கென்றே தயாரித்த பெரிய, நார் கோத்த உருண்டைகள் ஓரளவு உதவும். கருவாட்டில் உப்பு அதிகம், பல்லுக்கு ஒரு நன்மையும் இல்லை. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும்.

உங்கள் கேள்வியில் எங்களுக்கு உறுத்துவது கோழியும் சாதமும்தான். எலும்பில்லாத கோழி இறைச்சியில் கால்சியத்தைப்போலப் பதினைந்து, இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும். பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். தாடை எலும்பு மென்மையாகிப் பல் ஆடும், நொண்டும், குதிக்கத் தயங்கும், சின்னத் தாவலில் கால் ஒடியும். டாரின் என்ற சத்தும் பற்றாது, அது குறைந்தால் கண்ணும் இதயமும் பாதிக்கும். குட்டிக்கென்று விற்கும் முழுமையான உணவுக்குப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், கோழி எப்போதாவது ஒரு துண்டு இருக்கட்டும். ஏற்கெனவே நொண்டினால் கால்சிய மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: ஒரு வயதுப் பூனை இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தது. கோரைப்பல் நுனி மட்டும் உடைந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. விட்டுவிடலாமா? – சேலம்

பதில்: பூனையின் கோரைப்பல்லில் உயிர்ச் சதை கிட்டத்தட்ட நுனி வரை ஓடுகிறது. ஆகவே ‘நுனி மட்டும்’ என்பது பூனைக்குப் பொருந்தாது. உடைந்த இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளியோ ரத்தமோ தெரிந்தால் வாசல் திறந்துவிட்டது, கிருமி வேர் வரை இறங்கும். இளம் பல்லை உயிரோடு காக்க மருந்து வைத்து அடைக்கும் சிகிச்சை உண்டு, 48 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் கடந்துவிட்டால் வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுப்பது. சில மாதம் கழித்துக் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கினால் அது இந்தப் பல்லின் சீழாக இருக்கலாம்.

விழுந்த பூனைக்குக் கீழ்த்தாடை நடுவில் பிளந்திருக்கிறதா, அண்ணம் கிழிந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். பல் அதற்குப் பிறகு. பால்கனிக்கு வலை போடுங்கள்.

கேள்வி: நேற்று முன்தினம் மூன்று பல் எடுத்தார்கள். ஒன்றே முக்கால் வயது, கொஞ்சம் குண்டு. தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. எத்தனை நாள் பொறுக்கலாம்? – புதுச்சேரி

பதில்: பொறுத்தது போதும். முதல் நாள் மந்தமாக இருப்பது சரி. இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் பெரும்பாலும் வலி மருந்து போதவில்லை என்று பொருள். மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். குண்டுப் பூனை மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து அது தனி நோயாகிவிடும், எடுத்த பல்லைவிட அதுதான் ஆபத்து.

இதற்கிடையில் செய்ய வேண்டியது: ஈரப் பாக்கெட் உணவைத் தண்ணீர் விட்டுக் கூழாக மசித்து, பூனையின் உடல் சூடான 38 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். வாசனை கிளம்பினால்தான் பூனைக்குப் பசி கிளம்பும். ஆழமான கிண்ணம் வேண்டாம், மீசை இடிக்காத தட்டையான தட்டு. மீன் வேகவைத்த, உப்பும் மஞ்சளும் போடாத தண்ணீரை ஒரு கரண்டி மேலே ஊற்றலாம். வெங்காயம், பூண்டு கலந்த குழம்புத் தண்ணீர் வேண்டாம், அவை பூனையின் ரத்த அணுவைச் சிதைக்கும். சிரிஞ்சால் வலுக்கட்டாயமாக ஊட்டாதீர்கள், தையல் பிரியும், மூச்சில் போகும், சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வரும்.

தையல் தானாகக் கரையும், சில வாரம் ஆகும். இரண்டு வாரம் மென் உணவுதான், கடித்து இழுக்கும் பொம்மை கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தில் லேசான இளஞ்சிவப்பு ஒன்றிரண்டு நாள் தெரியும். சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தாலோ, முகம் ஒரு பக்கம் வீங்கினாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகு புதிதாக நாற்றம் கிளம்பினாலோ கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். கொடுத்த மருந்துகளின் பெயர், நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.